கண்டெடுத்த கல்லும் கண்டறிந்த கதையும்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு முதலாண்டு மாணவன் ஒருவன் ஒரு கல்லைக் கொண்டுவந்தான். பெரிய சாத்துக்குடி அளவிருக்கும். பழுப்பு நிறம்; ஏறக்குறைய உருண்டை. ஒரு பக்கம் சில்லு பெயர்ந்திருந்தது. பெயர்ந்த இடத்தில் பெரணி இலையை அச்சடித்தாற்போல் நெளிநெளியாகச் சில கோடுகள். "சார், இது இலை பாசிலா?" என்று கேட்டான்.

இயற்பியல் ஆசிரியனுக்குத் தெரிந்த வழியில் நான் இறங்கினேன். கல்லைக் காற்றில் நிறுத்தோம்; நீரில் தொங்கவிட்டு நிறுத்தோம். ஒப்படர்த்தி 2.6 என வந்தது. இதனால் தெரிந்தது என்ன? ஒன்றுமில்லை! சுண்ணாம்புக் கல்லின் முக்கியக் கனிமமான கால்சைட்டின் ஒப்படர்த்தி 2.71, மணலில் உள்ள குவார்ட்சின் ஒப்படர்த்தி 2.65. சாதாரணக் கற்கள் பலவும், கல்லாகிப்போன ஓடு, எலும்பு, மரம் ஆகியவையும் இந்த எண்ணைச் சுற்றித்தான் நிற்கும். ஆனால் மாணவனுக்கு ஏதாவது விடை சொல்லவேண்டுமே. பாறைப் பிளவுகளில் மாங்கனீசு ஆக்சைடு கசிந்து படியும்போது செடிகொடி போன்ற கிளைத்த கறை உண்டாகும் என்று எப்போதோ படித்திருந்தேன். "இது இலை அன்று, வெறும் கறை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

என் விடையின் முற்பகுதி சரி, பிற்பகுதி தவறு. நிலவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் பின்னர் அந்தக் கல்லைப் பார்த்தவுடன் சிரித்தார். அது அம்மோனைட் என்னும் கடல் உயிரியின் கல்வார்ப்பு. கணவாயின் தூரத்து உறவான அவ்வுயிரி சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்தது. வளர வளர ஓட்டின் பின்பகுதியைச் சுவர் எழுப்பி அறை அறையாக அடைத்துக்கொண்டே வரும். ஒவ்வொரு சுவரும் ஓட்டின் உட்புறத்தைச் சந்திக்கும் விளிம்பு, துணியில் போட்ட தையல்போல் நெளிந்து செல்லும். ஓடு உதிர்ந்து உள்ளே நிரம்பிய கல் மட்டும் எஞ்சும்போது அந்தத் தையற்கோடு வெளியே தெரிகிறது. இலையென்று மாணவன் கண்டதும், கறையென்று நான் சொன்னதும் அதைத்தான். கோட்டின் நெளிவை வைத்தே அம்மோனைட்டின் இனத்தைப் பிரித்தறியலாமாம்.

"எங்கே எடுத்தது?" என்று நண்பர் கேட்டார். சாலையோரத்தில் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் என்றான் மாணவன். நண்பரின் முகம் சுருங்கிவிட்டது. அது ஏன் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை. தென்னிந்தியப் புதைபடிவங்களின் வரலாற்றைப் படித்த பிறகே விளங்கிற்று.

இயற்கை ஆர்வலர் ஒருவர் வழியில் கண்ட கல்லைக் கையிலெடுத்து, இது என்ன என்று வியந்து, அறிந்தவரிடம் கேட்பது மிகப் பழைய வழக்கம். விடைதான் காலத்துக்குக் காலம் மாறிவந்திருக்கிறது. மால்ட்டாத் தீவில் கிடைத்த முக்கோணக் கற்களை ஐரோப்பியர் நாக்குக் கற்கள் என்று அழைத்து, நஞ்சை முறிக்கும் என்று நம்பி அணிந்துவந்தனர். 1666-இல் இத்தாலியக் கரையில் பிடிபட்ட பெரிய சுறா ஒன்றின் தலையை ஸ்டெனோ என்னும் மருத்துவர் பிளோரன்ஸ் நகரில் அறுத்துப் பார்த்தார். சுறாவின் பல்லும் நாக்குக் கல்லும் ஒன்றே எனக் கண்டு 1667-இல் எழுதினார். அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தில் ராபர்ட் பிளாட் என்பவர் ஒரு பெரிய தொடை எலும்பின் முனையைப் படம் வரைந்து வெளியிட்டார். எலும்பு என்று அவர் கண்டது சரியே. ஆனால் யாருடையது? ரோமானியர் கொண்டுவந்த யானையுடையதோ என்று எண்ணிப் பார்த்து, கடைசியில் இராட்சத மனிதனுடையது என்று முடிவு செய்தார். டைனோசார் என்னும் சொல்லே பிறக்க இன்னும் 165 ஆண்டுகள் இருந்தன. இல்லாத பெயரை அவர் எப்படிச் சூட்டுவார்?

நம் நாட்டிலும் சான்று உண்டு. நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமத்தைப் பூசையறையில் வைத்து வழிபடும் வீடுகள் தமிழ்நாட்டில் பல. கருங்கல் உருண்டைக்குள் சக்கரம் போன்ற சுருள் தெரியும். அதுவும் அம்மோனைட்டே. இமயம் எழுவதற்கு முன் அங்கிருந்த டெத்திஸ் கடலின் சேற்றில் ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் புதைந்தது. உருண்டை எப்படி உண்டாயிற்று என்பதும் சுவையான செய்தி. இறந்த உயிரியின் தசை அழுகும்போது சுற்றியுள்ள சேற்றின் வேதியியல் மாறுகிறது. சேற்று நீரில் கரைந்திருந்த கனிமங்கள் அதைச் சுற்றிப் படிந்து, மற்றச் சேறு அமுங்கித் தட்டையாகுமுன் அந்த இடத்தை மட்டும் கெட்டியான உருண்டையாக்கி விடுகின்றன. இதனைத் திரட்சிக்கல் எனலாம். பின்னால் இந்த உருண்டைகளைப் பற்றி மீண்டும் பேச வேண்டியிருக்கிறது.

இரண்டு அதிகாரிகள்

1840-ஆம் ஆண்டு வாக்கில் மதராஸ் சிவில் சர்வீசில் சார்ல்ஸ் டர்ட்டன் கே, புரூக் கன்லிப் என்னும் இருவர் பணியாற்றினர். நிலவியல் அவர்களுடைய தொழில் அன்று. ஆட்சி வேலைக்கிடையே கல் பொறுக்குவது அவர்களுடைய பொழுதுபோக்கு. புதுச்சேரிக்கு மேற்கே கரசூர், சேதராப்பட்டுச் சுற்றுவட்டாரத்தில் வயல்களிலும் ஓடைகளிலும் சங்கு, சிப்பி, சுருள் ஓடு ஆகியவை கல்லாகிக் கிடப்பதை அவர்கள் கண்டனர். விருத்தாசலத்துக்கு அருகிலும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலும் இப்படியே கண்டனர்.

இவற்றை முதன்முதலில் கண்டவர்கள் அவர்கள்தாம் என்று சொல்லிவிட முடியாது. கருடமங்கலத்துச் சிப்பிச் சுண்ணாம்புக் கல்லை மெருகேற்றி அலங்காரப் பொருள்கள் செய்யும் தொழில் திருச்சியில் இருந்தது. அந்தக் கல்லுக்குத் திருச்சிப் பளிங்கு என்றே பெயர். கல்லில் சிப்பி இருப்பதைக் கல்தச்சர் நாள்தோறும் பார்த்தார். அந்தச் சிப்பியின் வயது என்ன என்ற கேள்விதான் புதியது.

கே, கன்லிப் இருவரும் அந்தக் கேள்விக்கு விடை தேடித் தங்கள் தொகுப்பை லண்டன் நிலவியற் கழகத்துக்கு அனுப்பினர். அப்போது அவர்கள் செய்த ஒரு சிறு காரியத்தைக் கவனிக்கவேண்டும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டாமல் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி வட்டாரம் என மூன்று இடங்களுக்கும் தனித்தனியே பிரித்து வைத்தனர். பின்னால் நடந்த வாதங்கள் அனைத்துக்கும் அந்தப் பிரிவினையே அடிப்படை.

மீன் எச்சங்களையும் சுறாப் பற்களையும் ஆராயும் பொறுப்பு சர் பிலிப் எகர்ட்டனிடம் சென்றது. அவரும் தொழில்முறை அறிஞர் அல்லர், பாராளுமன்ற உறுப்பினர், சொந்த ஆர்வத்தால் மீன் பாசில்களைச் சேர்த்தவர். சங்கு, சிப்பி, அம்மோனைட் முதலியவை எட்வர்ட் போர்ப்ஸ் என்னும் இளம் இயற்கையறிஞரிடம் வந்தன. அவருக்கு அப்போது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. இந்தியாவை அவர் பார்த்ததே இல்லை. ஆயிரக்கணக்கான கல் தொலைவிலிருந்து வந்த கற்களை ஐரோப்பியப் படிவங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து 1846-இல் விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டார்.

புதிய அம்மோனைட்டுகளுக்கு அவர் சூட்டிய பெயர்களைப் பார்த்தால் நமக்கு வியப்புண்டாகும். ஒன்றுக்கு இந்திரன், ஒன்றுக்குப் பிரமன், ஒன்றுக்குச் சூரியன், ஒன்றுக்கு விஷ்ணு! கண்டெடுத்த கேயின் பெயரும், எகர்ட்டனின் பெயரும் இரண்டுக்கு இடப்பட்டன. பேரினப் பெயர்கள் பின்னர் மாறினாலும் இந்தச் சிற்றினப் பெயர்கள் இன்றும் வழக்கிலுள்ளன. புதுச்சேரி வயலில் கிடைத்த 'இந்திரன்' பின்னர்த் தென்னாப்பிரிக்காவிலும் கனடாவின் வான்கூவர் கரையிலும் கண்டறியப்பட்டது. கடல்களைக் கடந்து பரவியது.  இப்படிப் பரந்து பரவி, அதிகக் காலம் நிலைக்காமல் மறைந்த உயிரினங்களே பாறையின் வயதைக் காட்டும் சிறந்த கடிகாரங்கள். தொலைதூரத்திலுள்ள இரண்டு பாறைகளில் அத்தகைய ஓர் உயிரினம் இருந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்துச் சேறு என்று துணியலாம்.

ஆனால் அந்தக் கடிகாரத்தைப் போர்ப்ஸ் தவறாகப் படித்துவிட்டார். மூன்று இடங்களும் கிரெட்டேசியஸ் காலத்தைச் சேர்ந்தவை என்று அவர் கண்டது முற்றிலும் சரி. புதுச்சேரிப் பாறைகளே மூன்றிலும் பழமையானவை, அக்காலத்தின் தொடக்கத்தைச் சேர்ந்தவை என்று அவர் எழுதியதுதான் தவறு. வழுவழுப்பான, பழைய சாயல் கொண்ட அம்மோனைட்டுகள் புதுச்சேரித் தொகுப்பில் மிகுதி. ஐரோப்பாவில் அத்தகையவை கீழ்ப் பாறைகளில் பெயர்பெற்றவை. ஆனால் அந்தக் குடும்பங்கள் நீண்டகாலம் அதிக மாற்றமின்றி வாழ்ந்தவை. பாட்டன் முகம் பேரனுக்கு இருந்தால் பேரனைப் பாட்டன் என்று எண்ணிவிடுவதுபோன்ற பிழை இது.

கல்லை மட்டும் பார்த்து இந்தப் பிழையைத் திருத்த முடியாது. எந்தப் பாறைமேல் எந்தப் பாறை கிடக்கிறது என்று நடந்து பார்க்கவேண்டும். 1857 முதல் 1860 வரை இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எச். எப். பிளான்போர்டு திருச்சி, தென்னார்க்காடு மாவட்டங்களில் அளந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று பாறைத் தொகுதிகளை வகுத்தார். 1862-இல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. அத்துறை திரட்டிய படிவங்களை மொரேவியா நாட்டவரான ஸ்டோலிஸ்கா 1873 வரை பெரும் தொகுதிகளாக விவரித்து எழுதினார். அந்தப் பணி முடிந்த மறு ஆண்டே லடாக்கின் உயர்மலைப் பாதையில் அவர் இறந்துபோனார்; வயது 36. புதுச்சேரிப் பிரச்சினை அதன்பின்னும் நீடித்தது. வார்த் என்பவர் 1890-களில் அங்கே படுகை படுகையாக எண்ணிட்டு மறுபடியும் சேகரித்தார். அவற்றை ஆராய்ந்து காஸ்மட் என்னும் ஆஸ்திரிய அறிஞர் 1897-இல் விடை கண்டார். புதுச்சேரிப் பாறைகள் பழமையானவை அல்ல. அரியலூர்த் தொகுதிக்கு ஒப்பானவை, கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தவை. இன்றைய கணக்கில் சொன்னால் போர்ப்ஸின் பிழை ஐந்து கோடி ஆண்டுகளுக்கு மேல்!

அரை நூற்றாண்டு நின்ற இந்தப் பிழைக்காக அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஜல்லிக் குவியல் கல்லைப் பற்றி நான் சொன்ன விடையோடு ஒப்பிட்டால் அவருடைய பிழை எவ்வளவோ உயர்ந்தது. கேயும் கன்லிப்பும் இடத்தைக் குறித்து வைத்ததனாலன்றோ, பிறர் அதே வயலுக்குப் போய் அவரைத் திருத்த முடிந்தது?

ஸ்லீமனின் எலும்பு

இதற்கு முன்பே, 1828-இல் ஜபல்பூரில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. தக்கர்களை ஒடுக்கியவர் என்று வரலாற்றுப் பாடத்தில் வரும் வில்லியம் ஸ்லீமன் அங்கே படைத்துறைக் காப்டனாக இருந்தார். கல்மரம் தேடிப் பாரா சிம்லாக் குன்றுக்குச் சென்றவர், எலும்பாகத் தோன்றிய கற்களைக் கண்டெடுத்தார். ஸ்பில்ஸ்பரி என்னும் மருத்துவரிடம் கொடுத்தார். மருத்துவர் தாமும் ஒன்றைத் தோண்டியெடுத்து, 1832-இல் கல்கத்தாவிலிருந்த ஜேம்ஸ் பிரின்செப்புக்கு அனுப்பிவைத்தார். அசோகரின் பிராமி எழுத்தைப் படித்தறிந்த அதே பிரின்செப்தான். கல்வெட்டைப் படித்தவராலும் இந்தக் கல்லைப் படிக்க இயலவில்லை.

ஓவன் என்னும் ஆங்கிலேய உடற்கூற்றறிஞர் டைனோசார் என்ற பெயரைப் படைத்தது 1842-இல். 1862-இல் நிலவியல் ஆய்வுத் துறைத் தலைவர் ஓல்டாம் அந்த எலும்புகளைப் பால்கனர் என்னும் அறிஞரிடம் காட்டினார். ஊர்வன இனத்தின் முதுகெலும்பு என்று அவர் கூறினார். 1877-இல் லைடெக்கர் அவற்றை ஆராய்ந்து டைட்டனோசாரஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார். வால்பகுதி முதுகெலும்பு, பெரிய தாவர உண்ணி டைனோசாருடையது. கண்டெடுத்த நாளிலிருந்து பெயரிட்ட நாள்வரை 49 ஆண்டுகள். டைனோசார் என்ற கருத்தே பிறக்குமுன் தோண்டப்பட்ட டைனோசார் எலும்புகளில் இதுவும் ஒன்று.

கதை அத்துடன் முடியவில்லை. பெயரிட்டபின் எலும்பு இருக்குமிடமே தெரியாமற் போயிற்று. நூல்களில் படம் மட்டும் இருந்தது. 2012-இல் கொல்கத்தாவில் நிலவியல் ஆய்வுத் துறையின் சேகரிப்புகளுக்கிடையே அது மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது! மண்ணிலிருந்து ஒருமுறை, அலமாரியிலிருந்து ஒருமுறை.

எலும்பா, மரமா?

கல்லமேட்டுக் கதை இவ்வளவு நல்லபடியாக முடியவில்லை. அரியலூர் மாவட்டத்திலுள்ள இச்சிற்றூரில் டைனோசார் எலும்புத் துண்டுகள் கிடைப்பதை மாட்லி 1929-இல் விவரித்திருக்கிறார். 1980-களில் யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு நிலவியலார் அங்கே மிகப் பெரிய எலும்புகளைக் கண்டு, பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டனர். பெருத்த உடற்பல்லி என்று பொருள். அதன் கணைக்கால் எலும்பு ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் என்றனர். ஊனுண்ணி என்று முதலில் எழுதப்பட்டது. பின்னர் நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று கருதப்பட்டது. கணக்கு உண்மையானால் உலகில் இதுவரை கண்ட நில விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றுள் இதுவும் சேரும்.

இங்கேதான் ஐயம் எழுந்தது. இதே வட்டாரத்தில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. அவ்வாறாயின், கல்லமேட்டில் கிடைத்ததும் அடிமரமாக இருக்கலாமே என்று வெளிநாட்டு அறிஞர் சிலர் கேட்டனர். எலும்பின் மெல்லிய சீவலை நுண்நோக்கியில் வைத்தால் ஒரு நொடியில் தீர்ந்துவிடும் வினா. எலும்பில் குருதிக் குழாய்கள் ஓடிய நுண்துளைகளும் அவற்றைச் சூழ்ந்த வளையங்களும் தெரியும். மரத்தில் நார்வரிசையும் சாற்றுக்குழாய்களும் தெரியும். ஆனால் சீவுவதற்கு எலும்பு இல்லை. அங்குள்ள களிமண் மழையில் உப்பிக் கோடையில் பிளப்பது. அதில் கிடந்த எலும்பு வெளியே எடுத்ததும் நொறுங்கிப் பொடியாகிவிட்டது. எஞ்சியவை அளவுகளும் கோட்டுப்படங்களும் நிழற்படங்களும்தான். வயலில் எடுத்த பழைய நிழற்படங்களை 2022-இல் வெளியிட்டு, அது எலும்பே என்று வாதாடியிருக்கிறார்கள். எனக்கும் அது எலும்பாகவே தோன்றுகிறது. ஆனால் தோன்றுவது வேறு, நிறுவுவது வேறு. பசைக்குழம்பும் சாக்குத்துணியும் கொண்டு மாவுக்கட்டுப் போட்டு எடுக்கவேண்டிய பொருளை ஆர்வத்தால் வெறுங்கையால் எடுத்து இழந்த சேகரிப்பாளர்கள் உலகெங்கும் உண்டு.

முட்டை ஆசை

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஒரு குளத்தை ஆழப்படுத்தும்போது பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசார் முட்டைகள் என்று செய்தி பரவிற்று. மக்கள் திரண்டு வந்து பார்த்தனர். நிலவியலார் வந்து பார்த்து, அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் படிவங்களைச் சேர்ந்த திரட்சிக்கற்கள் என்றனர்.

அவர்கள் எப்படிச் சொன்னார்கள்? உண்மையான டைனோசார் முட்டைகள் இந்தியாவில் ஏராளம். நருமதைப் பள்ளத்தாக்கில் மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் மட்டும் 92 கூடுகளும் 256 முட்டைகளும் கண்டதாக 2023-இல் ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். அம்முட்டைகளின் குறுக்களவு பெரும்பாலும் 15 முதல் 17 செண்டிமீட்டர். தேங்காயை விடச் சற்றே பெரியது; லாரிச் சக்கரம் போன்ற முட்டை எங்குமே இல்லை. முட்டைக்கு ஓடு உண்டு. உள்ளே நிரம்பிய கல்லிலிருந்து வேறான, ஓரிரு மில்லிமீட்டர் தடிப்புள்ள அந்த ஓட்டின் உடைந்த விளிம்பைக் கைலென்சால் பார்த்தால் நெருக்கமான தூண்கள்போல் கால்சைட் படிகங்கள் நிற்பதைக் காணலாம். குஞ்சு மூச்சுவிடத் துளைகளும் இருக்கும். திரட்சிக்கல்லுக்கு ஓடே கிடையாது. உடைத்தால் வெங்காயம்போல் வளையங்கள் இருக்கலாம். நடுவில் ஒரு சிப்பியோ சுருளோ இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் மேலாக, குன்னத்துப் பாறை கடலடிச் சேறு. டைனோசார் கடலுக்குள் போய் முட்டையிடவில்லை.

கடைசிக் காரணத்தைக் கவனித்தீர்களா? அது கல்லைப் பார்த்துச் சொன்னதன்று; கல் கிடந்த இடத்தைப் பார்த்துச் சொன்னது. அதே உருண்டை ஒரு வீட்டு அலமாரியில் இருந்திருந்தால் அந்த வாதம் கிடைத்திராது.

வீட்டில் செய்யத்தக்க சோதனைகள் சில உண்டு. பேனாக்கத்தியால் கீறினால் கால்சைட் கீறப்படும், குவார்ட்ஸ் கீறப்படாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஒரு சொட்டில் சுண்ணாம்புக் கல் நுரைக்கும். ஆசிரியர் அருகில் இருக்கவேண்டும். நல்ல படிவத்தின்மேல் விடவே கூடாது. எலும்புப் பாசிலில் நுண்துளைகள் இருப்பதால் நாக்கில் வைத்தால் ஒட்டும் என்பார்கள். பழைய களிமண் ஓடும் அப்படித்தான் ஒட்டும். எனவே இதை நம்பி யாரும் டைனோசாரை அறிவித்துவிட வேண்டாம். திருவக்கரை, சாத்தனூர்க் கல்மரங்கள் பாதுகாக்கப்பட்டவை; அங்கே ஒரு சில்லுகூட எடுக்கலாகாது. பார்க்க விரும்புவோருக்கு அரியலூரை அடுத்த வாரணவாசியில் இப்படிவங்களுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது.

அந்த மாணவனின் கல் இப்போது எங்கள் ஆய்வுக்கூட அலமாரியில் இருக்கிறது. அதன் தையற்கோட்டைப் படமெடுத்து நண்பரிடம் கொடுத்தேன். எந்தக் குடும்பத்து அம்மோனைட் என்று சொல்லிவிட்டார். எந்தக் காலத்தது என்று கேட்டேன். ஜல்லி எந்தக் குவாரியிலிருந்து வந்தது என்று கேட்டார். மாணவன் விடுமுறையில் ஒப்பந்தக்காரரைத் தேடிப்போய் விசாரித்தான். மூன்று குவாரிகளின் பெயரைச் சொன்னார்களாம். மூன்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, கல்லின் அடியில் வைத்திருக்கிறான்.